சினிமாப் பட்டமும் வீட்டுப் பத்திரமும்

தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாரின் கதை 1935இல் பேசும்படமானபோது, அதை இயக்கியவர் அமெரிக்காவில் சினிமா படித்த ஓர் இந்தியர். மாணிக் லால் டாண்டன் என்ற அவர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர். நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்தான் படத்தைவிட அதிகம் பேசப்பட்டது. டாண்டனோடு அதே ஆண்டு இந்தியா வந்த வகுப்புத் தோழர் எல்லிஸ் ஆர். டங்கன், 1936இல் எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யை இயக்கினார். தமிழ் தெரியாத மனிதர், 1950இல் வந்த 'மந்திரி குமாரி' வரைக்கும் தமிழ்ப் படம் எடுத்தார்.

ஆகவே வெளிநாட்டில் சினிமா படிப்பது நம் பக்கத்துக்குப் புதிய செய்தி அல்ல. பிளஸ் டூ முடித்த கையோடு, பதினெட்டு வயதில், முதல் பட்டமாகவே அதைப் படிக்கப் போவதுதான் புதிது. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மருத்துவத்துக்கும் இன்ஜினீயரிங்குக்கும் பிள்ளைகளை வெளிநாடு அனுப்புவது பழகிப்போன காரியம். அந்த வரிசையில் சினிமாவையும் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். நம் ஊரில் சினிமா கற்கும் வழி உதவி இயக்குநர் வேலை. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், பாலு மகேந்திராவிடமிருந்து பாலா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குருகுலம் அது. அதன் இருட்டுப் பக்கத்தை யாரும் அவ்வளவு விரித்துச் சொல்வதில்லை. சாலிகிராமத்தில் அறை எடுத்து, சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெம்புள்ளவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அது திறப்பதே அரிது. பெண் பிள்ளைக்கு இன்னும் அரிது. திறந்தாலும் கிளாப் அடிப்பதும் கன்டின்யூட்டி எழுதுவதும்தான் கிடைக்கும். கேமராவைத் தொட விடமாட்டார்கள்.

நல்ல திரைப்படப் பள்ளி இதைத் தலைகீழாக்குகிறது. முதல் பருவத்திலேயே கையில் கேமரா. இன்று இயக்கியவர் நாளை நண்பனின் படத்தில் மைக் பிடிப்பார், மறுநாள் எடிட்டிங் மேசையில் உட்காருவார். படம் சொதப்பினால் மதிப்பெண் குறையும். தயாரிப்பாளர் நடுத்தெருவுக்கு வரமாட்டார். ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பில் பதிவாகும் குரலை ஒதுக்கிவிட்டு ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவதே தமிழ் சினிமாவின் நெடுநாள் பழக்கம். படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைச் சுத்தமாகப் பதிவுசெய்யப் பழகிய ஒருவர் திரும்பி வந்தால், அவரிடம் இங்கே அதிகம் பேரிடம் இல்லாத கைத்தொழில் ஒன்று இருக்கும். டங்கனை மொழி தெரியாமலே பதினைந்து ஆண்டு தாங்கியதும் இப்படிப் பள்ளியில் கற்ற கைத்தொழில்தான்.

ஆனால் டங்கன் வந்தபோது தமிழ் பேசும்படத்துக்கு வயது நான்கு. சங்கமும் உறுப்பினர் அட்டையும் அவரை மறிக்கவில்லை. இன்று வெளிநாட்டுப் பட்டத்தோடு கோடம்பாக்கம் வருபவரை யாரும் பட்டம் கேட்டு வரவேற்பதில்லை. யாரிடம் வேலை பார்த்தாய் என்றுதான் கேட்கிறார்கள். சினிமா தெரிந்தவர் தெரிந்தவரைக் கூப்பிடும் தொழில். பள்ளியில் கிடைக்கும் மிகப் பெரிய சொத்து பாடம்கூட அல்ல, கூடப் படித்தவர்கள். அந்த நண்பர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் வேலை தேடிக்கொண்டிருக்க, நம் பிள்ளை கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் வந்து இறங்கினால் அந்தச் சொத்து அங்கேயே தங்கிவிடுகிறது.

சரி, அங்கேயே வேலை பார்க்கட்டுமே என்றால், வழியில் விசா நிற்கிறது. திரைப்படத் தொழில் உலகெங்கும் பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ்; ஒரு படத்துக்கு ஆறு வாரம், அடுத்ததற்கு மூன்று நாள் என்று ஓடுவது. பிரிட்டனின் மாணவர் விசா சுயதொழிலை அனுமதிப்பதில்லை. பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் உணவகத்தில் தட்டுக் கழுவலாம்; கல்யாண வீடியோ எடுத்துச் சொந்தமாக பில் போட முடியாது. சினிமா மாணவனுக்கு இதைவிட விசித்திரமான விதி இருக்க முடியாது. படிப்பு முடிந்தபின் தங்க அங்கே இரண்டு ஆண்டு தந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் திரைப்படத் தயாரிப்புப் பட்டத்துக்குப் பொதுவாக இல்லை. ஒரு படம் எழுதி, எடுத்து, வெளியாகவே சில ஆண்டுகள் பிடிக்கும் தொழிலில் 12 மாதம் எந்த மூலைக்கு? கனடாவில் இளநிலைப் பட்டம் படித்தவருக்கும் காலேஜ் டிப்ளோமா படித்தவருக்கும் வேலை அனுமதி விதிகள் வெவ்வேறு. 2024 நவம்பருக்குப் பிறகு டிப்ளோமாக்காரர்களுக்குப் படித்த துறையும் பார்க்கப்படுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். டாண்டன் படித்த அதே பல்கலைக்கழகத்தில் இன்று கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல். ரூபாயில் 60 லட்சத்துக்குக் குறையாது. இருக்க இடம், சாப்பாடு, காப்பீடு தனி. பல அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர் எடுக்கும் படத்தின் செலவும் மாணவர் தலையிலேயே விழும். நம் வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாக ஈடு கேட்பார்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை. பண்ருட்டிப் பக்கம் பத்து ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தாலும் அது உதவாது. மஞ்சக்குப்பத்து வீட்டுப் பத்திரம்தான் வங்கிக்குப் போகும். தவணை கட்டுவதற்கு மாதச் சம்பளம் வேண்டும். சினிமாவில் முதல் சில ஆண்டுகளுக்கு இல்லவே இல்லாதது மாதச் சம்பளம்தான். மருத்துவத்துக்கோ கணினிக்கோ வாங்கும் கடனையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் எந்தப் படியில் என்று பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. பிரிட்டனின் செவெனிங்கும் அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டும் முதல் பட்டத்தை முடித்தவர்களுக்கே. இளநிலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரும் கட்டணத் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடி மாதிரி, அதற்கு முன்னால் எழுதியிருந்த விலையையும் பார்க்க வேண்டும்.

கன்சல்டன்சிக்காரர்களை வில்லன் ஆக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் ஆண்டுக்குக் கொஞ்சம் பேரை மட்டும் தேர்வு வைத்து எடுக்கும் பள்ளி ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்காது. ப்ராக்கின் ஃபாமு, போலந்தின் வூச் திரைப்படப் பள்ளி போன்றவற்றின் பெயரைக் கல்விக் கண்காட்சியில் தேடினால் கிடைக்காது. செக் நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் கட்டணமே இல்லை. ஆங்கிலத்தில் படித்தால் உண்டு. அதாவது, மொழி கற்கும் உழைப்பு பணத்துக்கு ஈடாகிறது. கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் புதுச்சேரி, அங்கே அலியான்ஸ் ஃபிரான்சேஸ். பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவரின் இளநிலைக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 2,900 யூரோ. ஆனால் அங்கே இளநிலையில் கிடைப்பது பெரும்பாலும் சினிமாவின் வரலாறும் கோட்பாடும். படம் எடுக்கக் கற்றுத்தரும் லா ஃபெமி பள்ளியின் முதன்மைப் படிப்புக்கு, பள்ளிக்கல்விக்குப் பிறகு இரண்டு ஆண்டாவது படித்திருந்தால்தான் நுழைவுத் தேர்வே எழுத முடியும். சினிமாவைப் பற்றிய படிப்பும் சினிமா எடுக்கும் படிப்பும் வேறு என்பது பிரிட்டனுக்கும் பொருந்தும். பட்டத்தின் பெயரில் 'ஸ்டடீஸ்' என்று முடிந்தால் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்கள் எப்படிக் கற்றார்கள்? மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் எந்தத் திரைப்படப் பள்ளிக்கும் போகாமல் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்துத் தேசிய விருது வாங்கினார். அவரை எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுவது நியாயம் இல்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையிலிருந்து போன தங்கர் பச்சான், சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். பிறகு அந்த முந்திரிக்காட்டு மண்ணையே திரையில் கொண்டுவந்தார். கடலூரில் பிறந்த வெற்றிமாறன் பாலு மகேந்திராவிடம் கற்றார். இந்தப் பாலு மகேந்திரா யார்? மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கடல் கடந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்க வந்த இலங்கைத் தமிழர். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வெளிநாட்டு மாணவர். அவருக்குப் படிப்பு பலித்ததற்கு ஒரு காரணம், படித்த நாட்டிலேயே அவர் மொழியில் ஒரு திரையுலகம் இருந்தது. பர்மிங்காமில் படிக்கும் சிதம்பரத்துப் பிள்ளைக்கு அது இல்லை.

தரமணியில் இருக்கும் அரசுத் திரைப்படக் கல்லூரி பிளஸ் டூ முடித்தவர்களை நேராகவே சேர்த்துக்கொள்கிறது, இடங்கள்தான் குறைவு. புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகள் முதன்மைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் கேட்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறோ தமிழோ படித்தவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 2024இல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது புனே மாணவரின் படம்தான்.

என் கருத்து இது. வீட்டை அடமானம் வைத்து முதல் பட்டத்துக்கே வெளிநாட்டில் இயக்கம் படிப்பது நம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத பந்தயம். ஒலி, எடிட்டிங், விஷுவல் எஃபெக்ட்ஸ் போன்ற கைத்தொழில் படிப்பாக இருந்து, கடன் இல்லாமல் கட்ட முடிந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் இங்கே ஒரு பட்டம், இரண்டு மூன்று குறும்படம், ஒரு படத்திலாவது உதவி இயக்குநர் வேலை என்று முடித்துவிட்டு முதுநிலைக்குப் போகட்டும். உதவித்தொகையும் அங்கேதான் இருக்கிறது, சொல்வதற்கு நாலு கதையும் அதற்குள் சேர்ந்திருக்கும். இதற்குப் பிறகும் இப்போதே போவது என்று முடிவெடுத்தவர்கள், முன்பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: மூன்றாண்டில் ஒரு மாணவர் எத்தனை படம் எடுப்பார், செலவு யாருடையது, படத்தின் உரிமை யாருக்கு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது.