கைகள் பலருடையவை, பெயர் இருவருடையது

ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டுக்கொண்டே வந்தால், குரோஷே ஊசியில் பின்னும் துணி தட்டையாக நிற்காது. ஓரம் பெருத்து, நெளிந்து, சுருண்டு எழும். மூன்றுக்கு ஒன்று என்று கூட்டினால் சுருக்கம் இன்னும் நெருங்கும். உலகின் பல ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்ட குரோஷே பவளப்பாறைத் திட்டத்துக்கு இந்த ஒரு விதிதான் அடிப்படை.

விதியைத் தந்தவர் கணிதவியலாளர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா, ஓரம் இப்படி நெளிந்து விரியும் அதிபரவளையத் தளத்தை (hyperbolic plane) மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்று 1997இல் பின்னத் தொடங்கினார். காகித மாதிரிகள் எளிதில் கிழிந்துவிடும், நூல் தாக்குப்பிடிக்கும். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அந்தக் கோட்டைத் தொடாத கோடு ஒன்றுதான் உண்டு என்று பள்ளியில் படித்தோம். டைமினாவின் துணியில் அப்படிப் பல கோடுகளை வண்ண நூலால் தைத்தே காட்டலாம். பவளமும் ஓடற்ற கடல் நத்தைகளும் இதே நெளிவைக் கொண்டவை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் பவளப்பாறை ஒன்றைப் பின்ன ஆரம்பித்தார்கள். பிறகு ஊர்கள் அவர்களை அழைத்தன. அந்தந்த ஊர் மக்கள் பின்னிய துணைப்பாறைகள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டன.

ஊர் மக்களைச் சேர்த்துச் செய்யும் தையல் கலைத் திட்டங்களில் வழக்கமாக ஒருவர் படம் வரைந்து தருவார், மற்றவர்கள் கோட்டுக்குள் நூலை நிரப்புவார்கள். இங்கே வரைபடம் கிடையாது. விதியைக் கற்றுக்கொண்டவர் எண்ணிக்கையை மாற்றலாம், நூலை மாற்றலாம், நடுவில் கணக்குத் தவறலாம். தவறிய கணக்கும் ஒரு புதிய பவளமாகவே வளரும், யாரும் அதைப் பிரித்துப் போடச் சொல்வதில்லை. முதன்முறை ஊசி பிடிப்பவரையும் நாற்பது வருடம் பின்னியவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் அறியேன். பங்கேற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுப் பொழுதுபோக்கு என்று கலை உலகம் ஒதுக்கிவைத்த அவர்களுடைய கைவேலை 2019இல் வெனிஸ் பியனாலே வரை போனது. பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

குறை தொடங்குவது பின்னி முடித்த பிறகு. ஜெர்மனியின் பேடன்-பேடன் நகரிலுள்ள ஃப்ரீடர் புர்டா அருங்காட்சியகத்தில் 2022இல் நடந்த கண்காட்சிக்குச் சுமார் 4,000 பேர், 40,000க்கும் மேற்பட்ட பவளங்களைப் பின்னித் தந்தார்கள். ஆனால் கண்காட்சித் தலைப்பில் இருந்தவை இரண்டு பெயர்கள்தாம். சகோதரிகள் மற்றவர்களை மறைப்பவர்கள் அல்லர். பின்னியவர்களின் பெயர்களைப் பட்டியலிடுவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். என் வருத்தம் வேறு. எந்தப் பவளம் உச்சியில் நிற்கும், எது அடியில் மறையும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதெல்லாம் கலை முடிவுகள். பின்னும்போது அவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட்டு, அடுக்கும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால், ஊர்க்காரர் பொருள் தந்தவர் ஆகிறாரே தவிர படைத்தவர் ஆவதில்லை. சொந்தமாகவே அடுக்கிக்கொண்ட ஊர்களும் உண்டு. அங்கே இந்தக் குறை பெரிதும் நீங்கிவிடுகிறது.

இன்னொன்று, நூல். பிளாஸ்டிக் பைகளையும் வீடியோ நாடாவையும் கொண்டு ஒரு நச்சுப்பாறையைப் பின்னி, தங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையையே சேர்த்துவைத்துக் காட்சிப்படுத்தியவர்கள் இந்தச் சகோதரிகள். அந்தத் துணிச்சல் எல்லா ஊர்ப் பாறைகளிலும் தொடரவில்லை. கடையில் வாங்கும் அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக்தான். கடலுக்காகப் பின்னும்போது அதைக் கேள்வியின்றி ஏற்பது உறுத்துகிறது.

ஊசியும் நூலும் பவளத்தைக் காப்பாற்றிவிடுமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து வெளுத்தது, அதன் பிறகும் வெளுத்தது. கடல் சூடாவதற்குக் காரணம் நிலக்கரியும் எண்ணெயும். அதற்கான பதிலைப் பின்னல்காரர்களிடம் கேட்பது நியாயமல்ல. ஆனால் கடலுக்கு வெகுதூரத்தில், கருங்காட்டின் ஓரத்தில் இருக்கும் பேடன்-பேடன், தன் மண்ணைப் பற்றி இந்தப் பாறையில் என்ன சொன்னது என்று கேட்கலாம். சிலியில் பினோசெட் ஆட்சியில் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கந்தல் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த அர்பியேராக்களில் அவர்கள் தெரு இருந்தது, காலி நாற்காலி இருந்தது, பறிகொடுத்த ஆளின் பெயர் இருந்தது. பேடன்-பேடன் பாறைக்குக் கைகொடுத்தவர்கள் கடன் வாங்கிய ஒரு துயரத்தைப் பின்னினார்கள். அழகாகவே பின்னினார்கள், ஆனால் தங்கள் காடுகளையும் ஆறுகளையும் அதில் சேர்க்க யாரும் வழி வைக்கவில்லை.

வழி வைப்பது கடினமில்லை. விதி அப்படியே இருக்கட்டும், நெளிவு பவளத்துக்கு மட்டும் சொந்தமல்ல. மரப்பாசியிலும் காளானிலும் முட்டைக்கோஸ் இலையிலும் அது இருக்கிறது. அடுத்து இத்திட்டத்தை அழைக்கும் ஊர், எதைப் பின்னுவது என்பதையும் எப்படி அடுக்குவது என்பதையும் பின்னுகிறவர்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கண்காட்சித் தலைப்பில் அந்த ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும்.