டோர் ஐந்து ஓடினால் முகமூடி ஐந்தா?

லினக்ஸில் டோரைப் பல பிரதிகளாக ஓட்டச் சொல்லும் குறிப்புகள் நிறைய. 9050, 9052, 9054 என்று போர்ட் கொடு, தனித்தனி டேட்டா ஃபோல்டர் வை, அநாமதேயம் கூடும் என்கிறார்கள். கூடாது, குறையும் என்பதே என் வாதம்.

ஒவ்வொரு பிரதியும் தனக்கென ஒரு நுழைவுக் கணுவைத் தேர்ந்தெடுத்து வாரக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். நம் ஐபி முகவரியை நேரடியாகப் பார்ப்பது அதுதான். ஒன்றுக்குப் பதில் ஐந்து என்றால், அதில் ஒன்றாவது வேவு பார்ப்பவர் கையில் இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. குன்றத்தூரில் நான் எத்தனை ஓட்டினாலும் வீட்டிலிருந்து வெளியே போகிற இணைப்பு ஒன்றுதானே?

செயலிகளைப் பிரிக்கணும்னா ஒரே டோர் போதும். செயலிக்கொரு சாக்ஸ் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் பாதைகள் தானாகப் பிரியும்.

பல பிரதிகள் நியாயமாகத் தேவைப்படுவது ரிலே நடத்துபவர்களுக்கு. டோர் பெரும்பாலும் ஒரு சிபியு கோரையே நம்பியிருக்கிறது. மற்றவை சும்மா கிடக்கும். டெபியனின் 'டோர்-இன்ஸ்டன்ஸ்-கிரியேட்' கட்டளை பிரதிக்கொரு தனிப் பயனரை உருவாக்கித் தரும். எல்லாம் ஒருவருடையவை என்று 'மைஃபேமிலி'யில் அறிவிப்பது கடமை.

வாடகைக்கு இந்திய விபிஎஸ் எடுத்தால் இன்னொன்று: செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, கணக்கை மூடிய பிறகும் உங்கள் பெயரும் முகவரியும் குறைந்தது 5 ஆண்டுகள் நிறுவனத்திடம் இருக்கணும். போர்ட் எண் சொல்லித் தருபவர்கள் இதையும் சொல்லணும்.