காடு மாநிலத்துக்கு, தெரு ஊருக்கு

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் பரப்பில் கிடக்கிறது அடிராண்டாக் பூங்கா. பூங்கா என்றதும் வாயிலும் நுழைவுச்சீட்டும் நினைவுக்கு வரும். அங்கே இரண்டும் இல்லை. 1892-இல் வரைபடத்தின் மேல் நீலக் கோடு ஒன்றைப் போட்டு எல்லை குறித்தார்கள். கோட்டுக்குள் அரசுக் காடு இருந்தது, தனியார் நிலம் இருந்தது, ஊர்களும் இருந்தன. இன்றும் ஏறத்தாழ பாதி நிலம் தனியாருடையது. நூறு ஊராட்சிகள் வரை இருக்கின்றன. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டு முழுதும் அங்கேயே வாழ்கிறார்கள். அரசுக் காட்டுக்கு 1894 முதல் மாநில அரசியல் சட்டமே காவல்: விற்க முடியாது, குத்தகைக்கு விட முடியாது, மரம் வெட்ட முடியாது. வழக்கெல்லாம் மற்ற பாதியைப் பற்றியதுதான். அங்கே எது கட்டலாம், எங்கே கட்டலாம் என்று சொல்லும் உரிமை அந்தந்த ஊருக்கா, மாநிலத்துக்கா?

ஊர்களிடம் அந்த உரிமை ஒருகாலத்தில் முழுதாகவே இருந்தது. பெரும்பாலான ஊர்கள் அதைத் தொடவே இல்லை. 1967-இல் நார்த்வே நெடுஞ்சாலை முடிந்து, நகரத்தாருக்கு மலை எட்டும் தூரமானபோது, நில வகைப்பாட்டு விதி என்ற ஒன்றே அநேக ஊர்களில் இல்லை. சில ஆண்டுகளில் ஹொரைசன் என்ற நிறுவனம் கோல்ட்டன் என்ற ஊரில் ஏறத்தாழ 24,000 ஏக்கரை வாங்கி, 10,000 விடுமுறை வீடுகள் வரை கட்டத் திட்டம் போட்டது. ஒரு சிற்றூர் மன்றம் இதை எதை வைத்து எடைபோடும்? ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் காலத்தில் 1971-இலேயே பூங்கா முகமை உருவாகியிருந்தது. இத்தகைய திட்டங்கள் எழுப்பிய அச்சத்தில்தான் 1973-இல் முகமையின் தனியார் நிலத் திட்டம் சட்டமானது.

அந்தத் திட்டம் தனியார் நிலம் முழுவதையும் வகை பிரித்தது. ஊர்ப்பகுதிகளில் கட்டட எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. தனியார் நிலத்தில் பாதிக்கும் மேலான ‘வள மேலாண்மை’ நிலத்திலோ சதுர மைலுக்கு 15 முதன்மைக் கட்டடங்கள்தான். வீட்டுக்கு ஏறத்தாழ 43 ஏக்கர் என்று கணக்கு. ஆனால் சட்டம் ஊர்களை வெளியே நிறுத்திவிடவில்லை. ஓர் ஊர் தன் நிலத் திட்டத்தை எழுதி முகமையின் ஒப்புதல் பெற்றால், சிறிய, நடுத்தரப் பணிகளை அதுவே பரிசீலிக்கலாம். பெரியவை மட்டும் முகமையிடம் இருக்கும். காகிதத்தில் இதைவிட நியாயமான பங்கீடு எளிதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் அப்படி ஒப்புதல் பெற்ற ஊர்கள் இருபதைத் தாண்டவில்லை. இந்தச் சட்டத்தை எடைபோடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஊர்கள் சொல்லும் குறைகளில் எல்லாமே நிற்பவை அல்ல. தங்கள் குரலுக்கு இடமில்லை என்பது முதல் குறை. முகமையில் ஆளுநர் நியமிக்கும் எட்டுப் பேரில் ஐவர் பூங்காவில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு கவுண்டிகளின் சார்பில் உள்ளாட்சி மறுஆய்வுக் குழுவும் இருக்கிறது. அதற்கு வாக்கு இல்லை, ஆனால் வாய் உண்டு. வரி வருமானம் போயிற்று என்பது அடுத்தது. அரசுக் காட்டுக்கு மாநிலம் உள்ளூர் நிலவரி செலுத்துகிறது. பள்ளி வேண்டாத, குப்பை அள்ள வேண்டாத நிலத்துக்கு வரும் வரி அது.

நிற்கும் குறை ஒன்று உண்டு. ராக்கெட் லேக் என்ற சிற்றூர் குடிநீர்க் கிணறு தோண்ட ஓர் ஏக்கர் அரசுக் காடு கேட்டது. அதற்கு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றி, 2007-இல் நியூயார்க் நகரவாசிகள் உட்பட மாநிலம் முழுக்க வாக்களித்த பிறகே கிணற்றுக்கு வழி பிறந்தது. இத்தகைய தேவைகளுக்காக 250 ஏக்கர் நில வங்கி ஒன்றை ஏற்படுத்தும் திருத்தம் 2017-இல்தான் நிறைவேறியது. குடிநீருக்கு இத்தனை தூரம் நடக்க வைத்ததை எந்த வனப்பற்றும் நியாயப்படுத்தாது.

அப்படியானால் நிலத் திட்டம் எழுதிப் பெறும்படி சட்டம் கையில் கொடுத்த அதிகாரத்தை ஊர்கள் ஏன் வாங்கவில்லை? பணம் ஒரு காரணம்: சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்குத் திட்டமிடல் அலுவலர் ஒருவரை வைத்துக்கொள்வதே பெரும் சுமை. அதைவிட ஆழமான காரணம், பொறுப்பேற்றால் அண்டை வீட்டுக்காரரிடமே ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். நாளை தேர்தலில் அவரிடமே வாக்குக் கேட்க வேண்டும். ரே புரூக் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் முகமை அந்தப் பழியைச் சுமக்கும் வரை ஊர் மன்றத்துக்கு நிம்மதி. இதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உரிமைப் போராட்டம் என்றும் ஏற்கமாட்டேன்.

முகமையும் குறைக்குத் தப்பவில்லை. டப்பர் லேக் அருகே 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட விடுதித் திட்டத்துக்கு 2012-இல் பத்துக்கு ஒன்று என்ற வாக்கில் அது ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்தில் பெரிய மனைகள் காட்டு நிலத்தில் சிதறி விழுந்தன. எண்ணிக்கை வரம்பு மீறப்படவில்லை. விதி கட்டடத்தை எண்ணுகிறது, அது எங்கே உட்காருகிறது என்று போதுமான அளவு கேட்கவில்லை. சாலையும் வேலியும் நாயும் காட்டைத் துண்டாக்கும் என்று சூழலியலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். வேலைவாய்ப்பை நம்பிய ஊரோ திட்டத்தின் பக்கம் நின்றது. ஒப்புதல் பெற்ற அளவில் அந்த விடுதி எழும்பவில்லை; வேலையும் வரவில்லை. ஒரு பருவத்தின் ஆசைக்காகக் காட்டின் அடர்த்தியை முடிவு செய்யும் அதிகாரத்தை ஊரிடம் விட முடியாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வழக்கே போதும்.

அதே ஊர்கள் வேறொன்றைச் சரியாகச் செய்திருக்கின்றன. முகமையின் விதி ஒரு வீட்டை வீடாகத்தான் எண்ணும். அதில் குடும்பம் வாழ்கிறதா, வாரத்துக்கு வாரம் ஆள் மாறுகிறதா என்று பார்க்காது. லேக் பிளாசிட் கிராமமும் நார்த் எல்பா ஊரும் 2020-இல் குறுகியகால வாடகை வீடுகளுக்குத் தாமே விதி வகுத்தன. ஆசிரியருக்கும் செவிலிக்கும் வாடகை வீடு கிடைக்கவில்லை என்பது தெருவில் வாழ்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் உவப்பாக இருக்காது. ஊர்ப்பகுதிக்குள் முகமை கையை இன்னும் பின்னிழுக்க வேண்டும். எல்லையை ஒட்டி வீடமைக்க ஊர் கேட்டால் வரைபடத்தைத் திருத்தித் தர வேண்டும். ஊருக்கு வெளியே அடர்த்தி, ஏரிக்கரை, மனைப் பிரிப்பு மூன்றும் மாநிலத்திடமே இருக்க வேண்டும். கட்டடம் அமையும் இடத்தையும் சட்டம் கட்டாயமாகக் கேட்க வேண்டும். நிலத் திட்டம் எழுதும் ஒவ்வோர் ஊருக்கும் அலுவலர் ஊதியத்தை மாநிலம் தர வேண்டும். அதைத் தந்த பிறகும் எழுதாத ஊர், தனக்கு அதிகாரம் இல்லை என்று மாநிலத் தலைநகர் ஆல்பனியில் வந்து முறையிடக் கூடாது.