டிராகன் மீது ஏறிய காதல்: மூன்று கதைகள், ஒரு கேள்வி

கைப்பிடி இல்லாத ஒடுங்கிய கல்பாலம். கீழே பள்ளத்தாக்கு, மேலே மழை. விழாமல் அக்கரை சேர்பவர்களுக்குத்தான் படைக்கல்லூரியின் டிராகன் வீரர் பிரிவில் இடம். படிக்கட்டில் வரிசையில் நிற்கும் வயலட், முன்பின் தெரியாத இன்னொரு பெண்ணின் பூட்ஸைப் பார்க்கிறாள். அடிப்பாகம் வழவழவென்று இருக்கிறது. நனைந்த கல்லில் நிச்சயம் வழுக்கும். தன் பூட்ஸில் ஒன்றைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடையதில் ஒன்றைத் தான் மாட்டிக்கொள்கிறாள். ஆளுக்கு ஒரு காலாவது பிடிமானமாக இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) நாவலைக் கேலி செய்பவர்கள் பலர் இந்தப் பக்கம் வரைகூட வந்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். டிராகன் மேல் ஏறிய மில்ஸ் அண்ட் பூன் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது சுலபம். லெண்டிங் லைப்ரரியில் மில்ஸ் அண்ட் பூனை மற்றொரு புத்தகத்துக்குள் ஒளித்து எடுத்துவந்த தலைமுறைக்கு இந்தக் கேலி பழக்கமானதுதான். ரமணிசந்திரனைப் படிப்பவர்களும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இவ்வகை நாவல்கள் பிடிக்கும். விடியற்காலை வரை விழித்திருந்து படித்திருக்கிறேன். பிடிக்கும் என்பதாலேயே எது தேறும், எது தேறாது என்று பார்க்கும் கடமையும் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

காதலும் மாயக்கதையும் சேர்ந்த இந்த வகைக்கு 'ரொமான்டசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் இவை இரண்டும் சேர்ந்தன? காதல் கதையை நகர்த்துவது தடை. ஜேன் ஆஸ்டனுக்குச் சொத்துரிமையும் குடும்ப அந்தஸ்தும் தடைகளைத் தாராளமாகக் கொடுத்தன. இன்றைய அமெரிக்க நகரம் ஒன்றில், வயதுக்கு வந்த இருவர் ஒருவரையொருவர் விரும்பினால் யார் தடுக்கப்போகிறார்கள்? மூன்றாம் அத்தியாயத்தில் கதை முடிந்துவிடும். அதனால்தான் அங்குள்ள எழுத்தாளர்களுக்குச் சாபமும் போரும் பகை நாடும் மாயப் பிணைப்பும் தேவைப்படுகின்றன. (நம் ஊரில் அந்தப் பஞ்சம் இல்லை. சாதி ஒன்றே போதும். டிராகனுக்கு வேலை இருக்காது.)

ஆக, இவ்வகை நாவலில் மாயம் அலங்காரத்துக்காக வந்ததில்லை. தடையை உண்டாக்க வந்தது. இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது அந்தத் தடைக்குள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி இருப்பது தெரிகிறது. ஆபத்து நிறைந்த உலகத்தில் ஒருவன் தான் நேசிக்கும் பெண்ணைக் காவல் காக்கிறானா, நம்புகிறானா? இலக்கிய நாவலுக்கான அளவுகோலைக் கொண்டுவந்து இவற்றை அளப்பது நியாயமாகாது. அவை தாமே எழுப்பும் இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் சரி.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாக முன்வைத்தவர் சாரா ஜே. மாஸ். அவருடைய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015-இல் வந்தது. வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போடும் ஃபெய்ரா, ஓநாய் உருவில் இருந்த, ஃபே என்ற மாயக் குலத்தவன் ஒருவனைக் கொன்றுவிடுகிறாள். அதற்கு ஈடாக டாம்லின் என்ற ஃபே பிரபுவின் மாளிகைக்குப் போக நேர்கிறது. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கதையின் சாயல் வெளிப்படை. அவனுக்காக அவள் உயிரையே கொடுக்கிறாள். மற்றவர்களாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள்.

மாஸ் போடவில்லை. 2016-இல் வந்த இரண்டாம் பாகம் 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி', அந்தச் சுபத்துக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று கேட்கிறது. உயிர்த்து மீண்டு வந்த ஃபெய்ராவுக்குத் தூக்கத்தில் கெட்ட கனவு, இரவெல்லாம் வாந்தி. பக்கத்தில் படுத்திருக்கும் டாம்லின் எதையும் கேட்பதில்லை. அவளை வெளியே விடுவதும் இல்லை. ஒரு நாள் மந்திரத்தால் மாளிகையைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்' என்று மனமார நம்புகிறவன். அந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம் வாசகர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? முதல் பாகத்தின் காதலனையே இரண்டாம் பாகத்தில் சிறைக்காவலன் ஆக்கிக் காட்டத் துணிச்சல் வேண்டும். மாஸிடம் அது இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஃபே பிரபு ரீசாண்ட். எழுதப் படிக்கத் தெரியாத ஃபெய்ராவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். பயிற்சி வாக்கியம் ஒவ்வொன்றிலும் தன்னையே புகழ்ந்து எழுதிவைக்கும் குறும்பு வேறு. இருவருக்கும் இடையே விதி போட்ட பிணைப்பு ஒன்று இருப்பது தெரிந்த பிறகும், அதை ஏற்பதா வேண்டாமா என்பது அவள் கையில்தான். உணவு பரிமாறினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அவள் ஒரு கிண்ணம் சூப்பை அவன் முன்னால் வைக்கிறாள். ஊழ் கூட்டிவைத்தாலும் தலைவியும் தலைவனும் தம் வழியைத் தாமே நடந்து தீர்க்க வேண்டும் என்ற தொல்காப்பியக் களவியலின் உலகத்திலிருந்து வரும் நமக்கு, இந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். முதல் பாகத்தில் இதே ரீசாண்ட் ஃபெய்ராவின் முறிந்த கையைத் திருகுகிறான். போதை கலந்த மதுவை இரவுதோறும் புகட்டி, எதிரியின் சபையில் அவளை ஆடவைக்கிறான். இரண்டாம் பாகத்தில் இதற்கு விளக்கம் வருகிறது: எதிரிக்குச் சந்தேகம் வராமல் அவளைக் காப்பாற்றத்தான் அப்படி நடித்தான். அதாவது, அவள் நல்லதுக்குத்தான்! டாம்லினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அதே வாக்கியம் ரீசாண்டை விடுதலை செய்கிறது. இதை ஒரு சறுக்கல் என்று மன்னித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். 2021-இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' அதற்கு வழி விடவில்லை. கருவுற்றிருக்கும் ஃபெய்ராவுக்குப் பிரசவத்தில் உயிர் போகும் ஆபத்து. அது ரீசாண்டுக்குத் தெரியும், சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. கோபத்தில் உண்மையைப் போட்டு உடைக்கும் அக்கா நெஸ்டா மீதுதான் அவன் சீறுகிறான். ஃபெய்ரா அவனைச் சட்டென மன்னித்துவிடுகிறாள். டாம்லின் பூட்டியது வீட்டை. ரீசாண்ட் பூட்டியது அவள் உடம்பைப் பற்றிய செய்தியை. முதலாவதைக் குற்றம் என்று ஒரு பாகம் முழுக்க வாதாடிய தொடர், இரண்டாவதைக் கணவனின் தவிப்பு என்று கடந்துபோகிறது. மாஸ் சரியான கேள்வித்தாளைத் தயாரித்தவர்; திருத்தும்போது தனக்குப் பிடித்த மாணவனுக்கு மட்டும் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்.

இனி வயலட். தோள்மூட்டு நழுவும், எலும்பு எளிதில் முறியும் உடல்வாகு. எழுதியவருக்கே எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் கோளாறு உண்டு என்பதால் கட்டுப்போடும் விவரங்களிலும் வலியைப் பொறுக்கும் விதத்திலும் பொய் இல்லை. ஆவணக் காப்பகத்தில் எழுத்தராக இருக்கும்படி அப்பா வளர்த்த பெண்ணை, தளபதியான அம்மா டிராகன் வீரர் பிரிவுக்குள் தள்ளுகிறாள். பாலத்தைக் கடக்கும்போது பயத்தை விரட்டத் தன் நாட்டைப் பற்றிய பாடக்குறிப்புகளை முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறாள். மற்போர்ச் சுற்றுகளில் தன்னைவிடப் பலசாலிகளுக்கு முன்கூட்டியே அளவான விஷம் கொடுத்துத் தளரவைத்து வெல்கிறாள். புத்தகம் படித்தவள் புத்தகத்தால் பிழைக்கிறாள்! நாவலின் முதல் பாதியில் நான் கீழே வைக்காமல் படித்தது இதற்காகத்தான். கூடவே, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு 'தொடரும்'. அந்த வித்தையில் கல்கி வாசகர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை என்றாலும் யாரோஸுக்கு அது நன்றாகவே கைவந்திருக்கிறது.

காவலா, நம்பிக்கையா என்ற கேள்வியை யாரோஸ் டிராகன்களின் தலையில் கட்டியதும் சாமர்த்தியம். 'இங்கிருந்து தப்பித்துப் போய்விடு' என்று நச்சரிக்கும் பால்யத் தோழன் டெய்ன் ஒருபுறம். மறுபுறம், கலகம் செய்து கொல்லப்பட்டவனின் மகன் ஸேடன். அந்தக் கலகத்தை ஒடுக்கியவள் வயலட்டின் அம்மா. வயலட்டின் டிராகனும் அவன் டிராகனும் இணை. வயலட் செத்தால் அவள் டிராகனும் சாகலாம்; டிராகன்களில் ஒன்று செத்தால் மற்றதும் சாகலாம்; டிராகன் செத்தால் அதன் வீரர் பிழைப்பது அரிது. ஆகவே அவன் அவளைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அவளுக்கும் நமக்கும் ஒரு ஐயம்: என்னைக் காக்கிறானா, தன் உயிரைக் காத்துக்கொள்கிறானா? மாயத்தின் விதியே காதலின் சிக்கலாக மாறுவது இப்படித்தான் நடக்க வேண்டும். ஸேடன் அவளிடம் ஒரு ரகசியத்தை மறைக்கிறான்; அதற்கும் காரணம் உண்டு. தொட்டால் நினைவைப் படிக்கும் ஆற்றல் டெய்னுக்கு இருக்கிறது. டெய்ன் அதைப் பயன்படுத்தியதால் உயிர்கள் போகின்றன. மாஸிடம் இல்லாத நியாயம் இது: மறைத்தவனைக் கதை எளிதில் மன்னிக்கவில்லை. வயலட்டும் மன்னிக்கவில்லை.

பிறகு எங்கே சறுக்குகிறது? பரிசு வழங்கும் இடத்தில். வல்லமை மிக்க ஒரு கறுப்பு டிராகன் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. போதாதென்று இன்னொரு டிராகனும். அதுவும் போதாதென்று இடியும் மின்னலும் அவள் கையில். பூட்ஸை மாற்றிப் பிழைத்தவள் இப்போது கையை உயர்த்தினால் வானம் கிழிகிறது. பலவீனமான உடம்போடு எப்படி வாழ்வது என்று தொடங்கிய நாவல், அந்த உடம்புக்கு ஆயுதக் கிடங்கையே கொடுத்துக் கேள்வியைக் கலைத்துவிடுகிறது. படுக்கையறைக் காட்சியில்கூட மரச்சாமான்கள் நொறுங்குகின்றன. அதை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். எழுதியவர் சிரிக்கச் சொல்லவில்லை என்றே படுகிறது. எல்லாப் பாத்திரங்களும் இன்றைய அமெரிக்கக் கல்லூரி விடுதியின் பேச்சையே பேசுகின்றன. ஆள் பற்றாக்குறையில் போரிடும் நாடு தன் மாணவர்களைப் பாலத்திலிருந்து விழவிட்டு வேடிக்கை பார்ப்பது ஏன் என்பதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. ஆறு மாதத்தில் வந்த இரண்டாம் பாகம் 'அயர்ன் ஃப்ளேம்', ஒரே சண்டையை வயலட்டும் ஸேடனும் பல அறைகளில் போடுவதைத்தான் நீட்டி முழக்குகிறது. 2025 ஜனவரியில் வெளியான மூன்றாம் பாகம் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அந்த வேகத்தில் பதிப்பாளர் யாரும் கத்திரிக்கோலைக் கையில் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' 2018-இல் வந்தது. இதில் காதலுக்குக் கிடைக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. ஆனாலும் இவ்வகையில் நான் படித்த மிகச் சிறந்த காதல் கதை இதுதான்.

கடனைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படும் யூத வட்டிக்காரரின் மகள் மிர்யெம். ஊர் தின்று கொழுக்க, வீட்டில் பட்டினி. ஒரு நாள் அவளே வசூலுக்குக் கிளம்புகிறாள். வெள்ளியைப் பொன்னாக்கும் அவள் வியாபாரத் திறமை, பனிக்காட்டை ஆளும் ஸ்டாரிக் மன்னன் காதுக்கு எட்டுகிறது. பொன் செய்யும் கருவியாகவே அவளை மணந்து தூக்கிச் செல்கிறான். அவனுடைய உலகத்தில் நன்றி என்ற சொல்லுக்கு இடமில்லை. எதைப் பெற்றாலும் ஈடு கொடுத்தாக வேண்டும். யார் யாருக்கும் இலவசமாக எதுவும் தருவதில்லை. கணக்குப் பேரேட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட வசதியான போர்க்களம் எது? கணவனாக அவனுக்கு உள்ள உரிமைக்கு விலை பேசி, அதற்கு ஈடாக இரவுதோறும் தன் கேள்விகளுக்குப் பதில் வாங்குகிறாள். அவன் அவளைக் காக்கவும் இல்லை, பூட்டிவைத்துக் கொஞ்சவும் இல்லை. கடன்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். கடன்பட்டவன் கடன் கொடுத்தவளைச் சமமாகப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஒரே விதியிலிருந்து மரியாதை பிறக்கிறது. பக்கங்கள் பல கடந்த பின் அந்த மரியாதை வேறொன்றாகக் கனிகிறது. அவனைச் சாகவிட்டுத் தப்பும் வழி அவள் கைக்கு வந்த பிறகுதான், அவன் ஏன் குளிரை இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிகிறது. அவன் குடிகளைத் தின்னக் காத்திருக்கிறது ஒரு நெருப்புப் பூதம். தன் விடுதலையின் விலையையும் அவள் கணக்கில் எழுதியாக வேண்டும்.

வட்டிக்கார யூதர் என்ற பழைய வெறுப்புச் சித்திரத்தையே எடுத்து, அதை மிர்யெமின் கண்ணியமாகத் திருப்பிக்கொடுத்திருக்கிறார் நோவிக். குறை இல்லாமல் இல்லை. ஆறு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். யார் பேசுகிறார்கள் என்று பிடிபடச் சில வரிகள் ஆகும். சிறுவன் ஸ்டெபனின் பகுதிகள் சில கதையின் வேகத்தைக் குறைக்கின்றன. உடல் சார்ந்த கிளர்ச்சியை எதிர்பார்ப்பவருக்கு இது குளிர்ந்த புத்தகம். ஆனால் முடிவைப் பாருங்கள். ஸ்டாரிக் இனத்தவர் தம் உண்மைப் பெயரை யாருக்கும் சொல்வதில்லை. மிர்யெமை அவள் சமய முறைப்படி மணக்கும்போது, திருமண ஒப்பந்தத்தில் அவன் பெயரை எழுதியாக வேண்டும். எழுதுகிறான். அந்தப் பெயரை அவள் நமக்குச் சொல்வதில்லை. எந்த முத்தக் காட்சியும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகப் படவில்லை.

என் தீர்ப்பு இதுதான். மாஸின் தொடரில் இரண்டாம் பாகம் வரை படியுங்கள். சூப் கிண்ணத்தோடு மூடிவிடுங்கள். 'ஃபோர்த் விங்' இரவல் கிடைத்தால் ஒரு விடுமுறை வாரத்தை அதற்கு ஒதுக்கலாம். முதல் பாதிக்காக நான் அதை இன்னொரு முறையும் படிப்பேன். அடுத்த பாகங்களை வாங்க மாட்டேன். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பதென்றால் 'ஸ்பின்னிங் சில்வர்'. இரவல் கேட்பவர்களிடம் கொடுத்தால், தேதி எழுதி வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மிர்யெம் அதைத்தான் செய்வாள்.