குறைந்த நேரமும் கட்டற்ற மென்பொருளும்: மணிக்கணக்கு முறையின் நிறைகுறைகள்

கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்', மூல நிரலை எவரும் படித்துத் திருத்திப் பகிர உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளில், புதியவர்கள் தன்னார்வ வழிகாட்டிகளின் துணையோடு நிரல் எழுதி உதவித்தொகை பெறும் திட்டமாகும். கோடை முழுவதையும் ஒதுக்கக்கூடிய மாணவரையே முதலில் மனத்திற்கொண்டிருந்த இத்திட்டத்தில், 2021இல் பணியளவு 175 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. 2022இல் 175, 350 என இரு அளவுகள் வகுக்கப்பட்டன. 2024இல் 90 மணி நேரச் சிறுபணியும் சேர்ந்தது. குறைந்த நேரமே உடைய மாணவரும் துணிந்து விண்ணப்பிக்க இம்மாற்றங்களே வழிசெய்தன.

இந்த மணிக்கணக்கு முறையின் முதல் நிறை, நேரத்தைப் பேசித் தீர்மானிக்கத்தக்க பொருளாக ஆக்கியதே ஆகும். 350 மணி நேரப் பணியை வழக்கமான 12 வாரங்களில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி நேரம் தேவைப்படும். வழிகாட்டி இசைந்து 22 வாரங்களாக நீட்டித்தால் அதுவே 16 மணி நேரமாகக் குறையும். செமஸ்டர் தேர்வுகள் முடிவதற்குள் கோடையின் பெரும்பகுதி கழிந்துவிடும் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவருக்கு இந்நீட்டிப்பு பெரும் துணையாகும். வாரத்துக்கு 30 மணி நேரத்தை விதியாகக் கொண்ட, இதேபோன்ற கட்டற்ற மென்பொருள் பயிற்சித் திட்டமான 'அவுட்ரீச்சி'யில் இத்தகைய நெகிழ்வு குறைவே.

நேரக்குறையை முன்மொழிவிலேயே, அதாவது செய்யவிருக்கும் பணியை விளக்கும் விண்ணப்ப ஆவணத்திலேயே, வெளிப்படையாக எழுதுவது இம்முறையின் உயிர்நாடியாகும். "தேர்வு நடக்கும் இரு வாரங்களில் 4 மணி நேரம், பின்னர் வாரந்தோறும் 18 மணி நேரம்" என்று எழுதும் மாணவருக்கு ஏற்றவாறு வழிகாட்டி பணியைப் பகுத்துக்கொள்ள முடியும். மறைத்தவரின் நிலையோ இடைக்கால மதிப்பீட்டில் வெளிப்பட்டு, உதவித்தொகையின் முதல் தவணையான 45 விழுக்காட்டையே ஐயத்துக்குள்ளாக்கும். எனினும் தகுதியில் இணையான இருவருள் நேரம் மிகுதியாக உடையவரை வழிகாட்டி விரும்பக்கூடும் என்னும் அச்சத்தையும் ஒதுக்கிவிட இயலாது.

ஆழ்ந்த குறை வேறிடத்தில் உள்ளது. நெகிழ்வெல்லாம் தேர்வானபின் கிடைப்பது. தேர்வை உறுதிசெய்வதோ அதற்கு முந்தைய மாதங்களில் ஊதியமின்றிச் செய்யப்படும், எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பாகும். பிப்ரவரி பிற்பகுதியில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வெளியாகிறது. மார்ச் மாதத்தில் விண்ணப்பம் பெறுவது தொடங்குகிறது. இதற்கிடையே அயலாரின் நிரலைப் படித்து, பிழையொன்றைத் திருத்தி, அத்திருத்தத்தை ஏற்கச்செய்தவரே முன்னிலை பெறுகிறார். அதே மாதங்களில்தான் அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டாரத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் பருவமும் கல்லூரி அகத்தேர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அரியலூருக்கோ பெரம்பலூருக்கோ பேருந்தில் சென்று படித்து, மாலையில் குடும்ப வேலைக்குத் திரும்பும் மாணவர் திறமையால் அன்றி, பொழுதின்மையாலேயே பின்தங்குகிறார்.

ஆகவே மணிக்கணக்கு முறை நல்லதே. ஆனால் அது பாதி நீதியையே வழங்குகிறது. விண்ணப்பத்துக்குமுன் எதிர்பார்க்கும் உழைப்புக்கு மென்பொருள் அமைப்புகள் வரம்பு குறிக்க வேண்டும். ஏற்கப்பட்ட திருத்தங்களைக் கல்லூரிகள் செய்முறை மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். மாணவரும் பட்டியலுக்குக் காத்திராமல், ஆண்டுதோறும் பங்கேற்றுவரும் அமைப்பொன்றை ஆகஸ்டிலேயே தேர்ந்து, வாரம் இரண்டு மணி நேரமேனும் அதில் பழகிவர வேண்டும். இம்மூன்றும் கூடினால், செந்துறை மாணவருக்கு இன்று கைக்கெட்டாத இவ்வாய்ப்பு வசப்படும்.