குச்சிகள் கைமாறும் விதம்

'இசைக்கு நிறமில்லை, கலைஞர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்கிற சொல்லாடல் மீது எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. குடும்பம் என்று சொல்லிவிட்டால் அங்கே கூலி கேட்க முடியாது. ஜாஸில் வைப்ரஃபோன் வாசித்தவர்களை முன்வைத்து இதைப் பேசலாம். சின்னக் கூட்டம்தான், ஒருத்தர் வாசித்ததை இன்னொருத்தர் கேட்டு வளர்ந்த கூட்டம்.

1920களில் அமெரிக்காவில் உருவான கருவி இது. வரிசையாக உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய், குழாயின் வாயில் மோட்டாரால் சுழலும் சிறு தகடு. தகடு சுழலச் சுழல ஒலி அலைகிறது. மேடை வேடிக்கைக்கு என்று வந்த இந்தச் சாதனத்தை ஜாஸின் கருவியாக்கியவர்களில் முக்கியமானவர் லயனல் ஹாம்ப்டன். 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு இதைப் பதிவுசெய்தார். 1936இல் பென்னி குட்மனின் நால்வர் குழுவில் சேர்ந்தார். இரண்டு வெள்ளையர், இரண்டு கறுப்பர், ஒரே மேடை. அன்றைய அமெரிக்காவில் இது சும்மா நடந்துவிடுகிற காரியமில்லை. ஆனால் குழு யார் பெயரில் இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்த மில்ட் ஜாக்சன் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். தகடு மெதுவாகச் சுழன்றதும் உலோகம் மனிதக் குரல்போல அசைந்தது. பதின்வயதில் ஜாக்சனின் இசைத்தட்டைக் கேட்டுச் சொக்கிப்போனவர் பாபி ஹட்சர்சன். கொத்தனாரான அப்பாவிடம் வேலை பார்த்துக் காசு சேர்த்துத்தான் அவர் கருவி வாங்கினார். ராய் ஏயர்ஸுக்கு ஐந்து வயதில் ஹாம்ப்டனே வாசிக்கும் குச்சிகளைக் கொடுத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையை ஆசீர்வாதமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். குச்சி இலவசமாக வரும், கருவி வராது. இடையில் செங்கல் சுமக்கும் ஒரு உடல் இருக்கிறது. மேதைகளின் வரிசையாக எழுதப்படும் வரலாறு இந்த உடலைத்தான் முதலில் அழிக்கிறது.

அப்படின்னா பகிர்தல் என்பதே பொய்யா? இல்லை. 1951இல் 'மில்ட் ஜாக்சன் குவார்டெட்' என்று பதிவு செய்தவர்கள் 1952இல் 'மாடர்ன் ஜாஸ் குவார்டெட்' ஆனார்கள். தனிமனிதப் பெயர் போயிற்று. நால்வரும் பங்குதாரர்கள்; இசைப் பொறுப்பு ஒருவருக்கு, கணக்கு ஒருவருக்கு, பயண ஏற்பாடு ஒருவருக்கு என்று வேலையும் பிரிக்கப்பட்டது. குட்மன் மேடையில் நிகழாதது இங்கே நிகழ்ந்தது என்பது என் வாசிப்பு. நிறங்கள் கலந்ததைவிட உடைமை கலந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதுவும் 1974இல் உடைந்தது. விலகியவர் ஜாக்சன். இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றியும் ராக் இசைக்காரர்கள் சம்பாதிப்பதை நெருங்கக்கூட முடியவில்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. இதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். உள்ளே சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்; பங்கிட வந்த தொகையைத் தீர்மானித்தது வெளியே இருந்த சந்தை. கூட்டுறவின் எல்லையை ஜாக்சனின் விலகல் காட்டிவிடுகிறது. 1981இல் அவர்கள் மறுபடி கூடி வாசித்தார்கள் என்பதும் உண்மை. இசை அவர்களை விடவில்லை.

ஆர்வத்தை மட்டும் மூலதனமாக வைத்து நடக்கிற எந்தக் குழுவைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். பெயர் யாருடையது? கணக்கு நோட்டு யார் கையில்? கோபப்படாமல் இதற்குப் பதில் சொல்கிற குழுவோடுதான் உட்கார்ந்து பேச முடியும்.