எல்லாக் கண்ணாடிக்கும் ஏற்றதன்று

ஆறு வாரங்களாக என் பட்டறையின் மூலையில் இடம்பிடித்திருக்கும் சாண்ட் பிளாஸ்டிங் பெட்டியைப் பற்றி எழுதப் புகும்போது, அதன் நீள அகலங்களையும் கம்ப்ரெஸரின் குதிரைச் சக்தியையும் விளம்பரத் தாளில் உள்ளபடி திரும்ப ஒப்பிப்பது வாசகரின் நேரத்தை விரயம் செய்வதாகும். கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து, மேலுள்ள சாளரத்தின் வழியே நோக்கியவாறு மிதியைக் காலால் அழுத்தினால், காற்றோடு சீறி வரும் துகள்கள் கண்ணாடியின் மேற்பரப்பை நுண்ணிதாகக் கொறித்து வெண்மையாக்க, வைனில் ஸ்டென்சில் மறைத்த பாகம் மட்டும் தெளிவாக நிற்கிறது. 1870இல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்க்மன் காப்புரிமை பெற்ற நாள் முதல் இந்த வித்தையின் தத்துவம் மாறவேயில்லை.

இந்த யந்திரத்தின் நயத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 150ஆம் எண் அலுமினியம் ஆக்ஸைடு துகளை 40 பவுண்டு அழுத்தத்தில் செலுத்தி, சாதாரண 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் நான் செதுக்கிய தாமரை, இதழின் நுனியில் அடர்ந்தும் அடியில் மங்கியும், பென்சிலால் நிழலிட்டாற்போல் வந்தது. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் துகளைக் கட்டியாக்கி நாஸிலை அடைத்துவிடுகிறது. நாள்தோறும் கம்ப்ரெஸர் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். ஆற்று மணலை மட்டும் எவரும் இதில் கொட்டிவிடலாகாது. மணலில் உள்ள சிலிக்கா தூளாகிச் சுவாசப்பையில் தங்கினால் விளையும் நோய்க்குப் பரிகாரம் கிடையாது. பிரிட்டனின் 1949ஆம் ஆண்டு விதிகளே இத்தொழிலில் மணலை விலக்கிவிட்டன.

இவ்வளவு நேர்த்தியான யந்திரத்தோடு வந்த கையேட்டில், ‘எல்லா வகைக் கண்ணாடிக்கும் ஏற்றது’ என்று ஒரு வரி இருக்கிறது. என் மனத்தாங்கல் முழுவதும் அந்த ஒரு வரியின் மீதுதான்.

மூன்றாம் வாரத்தில், கழித்துப்போட்ட மேஜையொன்றின் 6 மில்லிமீட்டர் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து, குத்துவிளக்கு ஒன்றை ஆழமாகச் செதுக்கிக்கொண்டிருந்தேன். தண்டு முடிந்து அகலின் குழிவைத் தோண்டிய தறுவாயில், வெடிச் சத்தம் போன்ற ஓர் ஓசை எழுந்தது. மறுகணம் கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடியே இல்லை. கையுறைகளின் மீதும் கம்பி வலையின் மீதும் உடைத்த கற்கண்டைப் போல ஆயிரக்கணக்கான துணுக்குகள் குவிந்து கிடந்தன. பெட்டி மூடியிருந்தபடியால் எனக்குக் காயமில்லை. திறந்த வெளியில், குழாயைக் கையிற்பிடித்து வேலை செய்பவருக்கு இது நேர்ந்திருந்தால், கண்ணுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது, அந்தக் கையேட்டை எழுதியவர் மீது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

அது டஃபன் செய்த கண்ணாடி. 600 பாகைக்கு மேல் காய்ச்சி, காற்றுத் தாரைகளால் சடுதியில் குளிர்விக்கும்போது, வெளிப்புறம் முதலில் இறுகிவிட, பிற்பாடு குளிரும் உட்புறம் சுருங்க முயன்று வெளிப்புறத்தை அழுத்தத்தில் நிறுத்திவிட்டுத் தான் இழுவிசையில் தவிக்கிறது. இந்தச் சமநிலையே அதன் பலம். அழுத்தத்திலுள்ள மேலடுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 6 மில்லிமீட்டர் கண்ணாடியில் அது 1.2 மில்லிமீட்டர். அதைத் துளைத்துக்கொண்டு உளி போன்ற துகள் உள்ளே சென்றதும், அடைபட்ட விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுதலை பெறுகிறது. மேலோட்டமாகச் செதுக்கினால் உடனே வெடிக்காமற்போகலாம். ஆனால் பலம் குறைந்துவிடும். துணுக்குகளைக் காட்டியபோது, எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரர், “சார், டஃபன் பண்ணினதுக்கப்புறம் அதுமேல கையே வைக்கக் கூடாது. வெட்டறது, ஓட்டை போடறது, டிசைன் எல்லாம் முன்னாடியே முடிச்சிரணும்” என்றார். கையேட்டில் அச்சாகியிருக்க வேண்டிய வாக்கியம் அதுவே.

கையிலுள்ளது எந்தக் கண்ணாடி என்று அறிவது கடினமன்று. டஃபன் செய்ததன் மூலையில் பெரும்பாலும் முத்திரை இருக்கும். முத்திரை இல்லாவிடில், மடிக்கணினியின் வெண்திரைக்கு முன்னே கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து பார்த்தால், புள்ளிகளும் பட்டைகளுமாக நிழல் தெரியும். லேமினேட்டட் கண்ணாடியாயின், விளிம்பில் இரு தகடுகளுக்கு இடையே ஒரு கோடு ஓடும். சந்தேகம் தீராத கண்ணாடியைப் பெட்டிக்குள் வைக்காதிருப்பதே விவேகம்.

இந்த அனுபவத்துக்குப் பின்னர்தான் என் தமக்கை வீட்டுப் பூஜையறைக் கதவுக்குக் கண்ணாடி தேர்ந்தேன். “தம்பி, பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீடு; உடைந்தாலும் யாரையும் கிழிக்காத கண்ணாடியாகப் பார்” என்று அக்கா சொல்லியிருந்தாள். சாதாரணக் கண்ணாடி ஆழச் செதுக்க இசைவதாயினும், உடைந்தால் நீண்ட கத்திகளாகப் பிளக்கும். ஆகவே கதவுக்கு அது தகாது. சட்டமில்லாத கதவாக இருந்தால், மேலோட்டமாக எட்சிங் செய்து முடித்த பிறகு டஃபன் செய்யக் கொடுத்திருப்பேன். அக்கா வீட்டுக் கதவுக்குத் தேக்குச் சட்டம் இருந்தபடியால், இரண்டு 5 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே 0.76 மில்லிமீட்டர் பிவிபி என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைத் தேர்ந்து, வெளித்தகட்டில் மட்டும் ஆழமின்றி விளக்கும் தாமரையும் பொறித்தேன். 1903இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் எதுவார் பெனெதிக்தஸின் குடுவையொன்று கீழே விழுந்து, விரிசல் கண்டும் சிதறாமல் நின்றது. உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அந்த நுட்பமே இன்று அக்கா வீட்டுக் கதவில் காவலாக நிற்கிறது. வெப்பத்தைத் தாங்குவதில் டஃபன் செய்ததற்கு இது ஈடாகாதாதலால், விளக்கைக் கதவிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொறித்த பக்கம் விரல் எண்ணெயை இழுத்துக் கறைபடுவதால், அதன்மேல் நிறமற்ற பூச்சும் கொடுத்திருக்கிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான்: யந்திரம் நல்லது, வாங்கலாம். ஆனால் அது கண்ணாடியின் ஜாதியை அறியாது. அறிய வேண்டியவர் அதை இயக்குகிறவரே. ஆழமாகச் செதுக்கச் சாதாரணக் கண்ணாடி, ஆளும் பிள்ளையும் நடமாடும் இடத்துக்கு லேமினேட்டட் கண்ணாடி, டஃபன் வேண்டுமானால் வேலை முடிந்த பிறகே டஃபன் என்ற மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம் மிதியில் கால் வையுங்கள்.